ஒரே ரத்தம், இரண்டு ஐ.என்.ஆர்.: லேப் ரிப்போர்ட்டும் கைமெஷினும் முரண்படும்போது எங்கே பார்ப்பது

ரத்தம் கட்டாமல் தடுக்கும் அசிட்ரோமோ வார்ஃபரினோ சாப்பிடும் நோயாளி. காலையில் உசிலம்பட்டி கலெக்ஷன் சென்டரில் கொடுத்த ரத்தத்துக்கு ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் எண்) 3.6. மதியம் மதுரையில் டாக்டர் மேசையிலிருக்கும் கைமெஷினில் விரலைக் குத்திப் பார்த்தால் 2.5. எந்த எண்ணை வைத்து மாத்திரையைக் கூட்டுவது, குறைப்பது? இந்தக் கேள்வியோடு வரும் லேப் டெக்னீஷியன், கலெக்ஷன் சென்டர் ஊழியர், கிளினிக் நர்ஸ் ஆகியோருக்காக எழுதியது இது. மாத்திரை அளவை மாற்றும் வேலை டாக்டருடையது. அது இங்கே இல்லை.

பெரும்பாலான முரண்பாடுகள் மெஷினுக்குள் பிறப்பதில்லை. ஊசி கைக்குள் போன நேரத்துக்கும் டியூப் சென்ட்ரிஃபியூஜில் ஏறிய நேரத்துக்கும் நடுவில்தான் பிறக்கின்றன. ஆனால் எல்லோரும் முதலில் பழி போடுவது மெஷின் மேல். வரிசையை மாற்றிப் பாருங்கள்.

## முதலில்: இது தேட வேண்டிய நேரமா?

எண்ணைச் சரிபார்த்துக்கொண்டிருக்கக் கூடாத நிலைமைகள் உண்டு. கறுப்பாக மலம் போவது, சிறுநீரில் ரத்தம், நிற்காத மூக்கு ரத்தம், தலையில் அடி, திடீர்க் கடும் தலைவலி, வாய் கோணுவது, ஒரு பக்கக் கை கால் இழுப்பது: இதில் எது இருந்தாலும் ஐ.என்.ஆர். எவ்வளவு என்பது இரண்டாம் கேள்வி. உடனே அவசரப் பிரிவுக்கு அனுப்புங்கள். உலோக வால்வு வைத்தவருக்குத் திடீரென மூச்சு வாங்கினாலோ, வழக்கமாகக் கேட்கும் வால்வின் 'டிக்' சத்தம் மங்கினாலோ அதுவும் அப்படித்தான்.

ஐ.என்.ஆர். 5க்கு மேல் வந்தால், அல்லது உலோக வால்வுக்காரருக்கு 1.5க்குக் கீழே வந்தால், சந்தேகம் இருந்தாலும் டாக்டருக்கு அன்றே போன் போகட்டும். மறுபரிசோதனை அதோடு சேர்ந்து நடக்கட்டும்.

## இரண்டு எண்ணும் உண்மையிலேயே வேறா?

2.4, 2.7: இது முரண்பாடு அல்ல. ஒரே டியூபை ஒரே மெஷினில் இரண்டு தடவை ஓட்டினாலும் கொஞ்சம் அசையும். ஐ.என்.ஆர். 2 முதல் 4 வரை இருக்கும்போது 0.5 வரையான வித்தியாசத்தைப் பொதுவாக விட்டுவிடலாம், அது நோயாளியின் இலக்குக்கு வெளியே தள்ளாத வரை. 4க்கு மேல் போனால் கைமெஷினும் லேபும் அதிகமாகவே விலகும். அதற்குத் தனித் தலைப்பு கீழே இருக்கிறது.

இலக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். இதயத் துடிப்பு ஒழுங்கின்மைக்கும் காலில் ரத்தக்கட்டிக்கும் பொதுவாக 2 முதல் 3. இதயத்தின் மைட்ரல் இடத்தில் உலோக வால்வு என்றால் பொதுவாக 2.5 முதல் 3.5. ஆகவே 2.4க்கும் 2.7க்கும் நடுவிலான சின்ன இடைவெளி ஒருவருக்குப் பொருட்டே இல்லை, இன்னொருவருக்கு எல்லைக்கோடு.

ஒப்பிட வேண்டுமென்றால் இரண்டு ரத்தமும் 4 மணி நேரத்துக்குள் எடுத்ததாக இருக்கட்டும், நடுவில் மாத்திரை எதுவும் இல்லாமல். திங்கட்கிழமை ரிப்போர்ட்டையும் வியாழக்கிழமை ரிப்போர்ட்டையும் பக்கத்தில் வைத்து "லேப் தப்பு" என்று சொல்வது வீண் வம்பு. அசிட்ரோம் உடலில் சீக்கிரம் கரையும், அரை ஆயுள் 8 முதல் 11 மணி நேரம்தான். வார்ஃபரினுக்கு ஒன்றரை நாள் போல. ஒரு வேளை தவறினால் அசிட்ரோம்காரருக்கு எண் சட்டென்று இறங்கும்.

## அறிகுறி: இரண்டு லேப், ஒரே நாள், இரண்டு எண்

முதல் சோதனை, காசில்லாதது: ரிப்போர்ட்டைக் கையில் எடுங்கள். ஐ.என்.ஆரை மட்டும் பார்க்காதீர்கள். நோயாளியின் பி.டி. (பிளாஸ்மா உறைய ஆன நேரம்) எத்தனை விநாடி, கன்ட்ரோல் அல்லது எம்.என்.பி.டி. (ஆரோக்கியமானவர்களின் சராசரி பி.டி.) எத்தனை விநாடி, ஐ.எஸ்.ஐ. (உறைய வைக்கச் சேர்க்கும் ரீஏஜென்டின் உணர்திறனைக் காட்டும் எண்) எவ்வளவு என்ற மூன்றையும் பாருங்கள். விநாடிகள் இரண்டு லேபிலும் வேறாக இருந்தால் பயப்பட வேண்டாம், ரீஏஜென்ட் வேறு. அதைச் சமன்செய்யத்தான் 1983-இல் உலக சுகாதார நிறுவனம் ஐ.என்.ஆர். முறையைக் கொண்டுவந்தது.

போன் கால்குலேட்டரைப் படுக்கவைத்தால் அடுக்குப் போடும் பட்டன் வரும். நோயாளியின் விநாடியை எம்.என்.பி.டி.யால் வகுத்து, வந்ததை ஐ.எஸ்.ஐ. அடுக்குக்கு உயர்த்துங்கள். அச்சடித்த எண்ணோடு ஒத்துவருகிறதா?

26 விநாடி, எம்.என்.பி.டி. 13 என்று வைத்துக்கொண்டால் விகிதம் 2. ஐ.எஸ்.ஐ. 1.0 என்றால் ஐ.என்.ஆர். 2.0. ஐ.எஸ்.ஐ. 1.2 என்றால் 2.3. 1.5 என்றால் 2.8. ரத்தம் ஒன்றுதான், விநாடியும் ஒன்றுதான். கம்ப்யூட்டரில் பழைய ரீஏஜென்ட் லாட்டின் (தயாரிப்புத் தொகுதியின்) ஐ.எஸ்.ஐ. மாற்றாமல் கிடந்தால் நோயாளியின் மாத்திரை மாறிவிடும். புதுப் பெட்டி பிரித்த வாரத்தில் புகார் வந்தால் முதலில் இங்கேதான் பார்க்க வேண்டும்.

கணக்கு ஒத்துவருகிறது, ஆனாலும் எண் வேறு. அடுத்து எம்.என்.பி.டி. சின்ன லேப்களில் அன்றைய நார்மல் கன்ட்ரோல் (ஒப்பிட ஓட்டும் நார்மல் சாம்பிள்) எத்தனை விநாடி வந்ததோ அதையே வகுக்கும் எண்ணாகப் போடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அது தப்பு. எம்.என்.பி.டி. என்பது மருந்து எதுவும் சாப்பிடாத, ஆணும் பெண்ணுமாகக் குறைந்தது 20 ஆரோக்கியமானவர்களின் ரத்தத்தை, உங்கள் மெஷினில், அந்த லாட்டிலேயே ஓட்டி எடுத்த பெருக்கல் சராசரி. ஒரு விநாடி என்ன செய்துவிடும் என்று கேட்பவர்களுக்கு: நோயாளிக்கு 30 விநாடி, ஐ.எஸ்.ஐ. 1.2. எம்.என்.பி.டி. 12 போட்டால் ஐ.என்.ஆர். 3.0. 13 போட்டால் 2.7. 14 போட்டால் 2.5. வருஷம் முழுக்க எல்லா ரிப்போர்ட்டிலும் "கன்ட்ரோல் 12.0" என்றே இருந்தால், அந்த லேப் அதை அளக்கவே இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஐ.எஸ்.ஐ.யை எந்த வரியிலிருந்து எடுத்தார்கள்? ரீஏஜென்ட் பெட்டிக்குள் வரும் தாளில் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட ஐ.எஸ்.ஐ. இருக்கும். கையால் டியூபைச் சாய்த்துப் பார்க்கும் முறைக்கு ஒன்று, ஒவ்வொரு மெஷினுக்கும் ஒவ்வொன்று. மேலே இருக்கும் வரியை அப்படியே பார்த்து அடித்துவிடுகிறார்கள். உங்கள் மெஷின் பெயர் அந்தத் தாளில் இல்லையென்றால் ரீஏஜென்ட் கம்பெனியைக் கேளுங்கள், ஊகித்துப் போடாதீர்கள்.

ரீஏஜென்டே மட்டமா? ஐ.எஸ்.ஐ. 1க்கு அருகில் இருந்தால் நல்லது. 1.7க்கு மேல் போகும் ரீஏஜென்டில் விநாடியில் வரும் சின்னத் தவறு ஐ.என்.ஆரில் பெரிதாக ஊதிக்கொள்ளும். விலை குறைவு என்று வாங்கினால், மறுபரிசோதனைச் செலவில் அதை விட்டுவிடுவீர்கள்.

எப்போது வெளியே கேட்பது: கணக்கு, எம்.என்.பி.டி., ஐ.எஸ்.ஐ. மூன்றும் சரி, டியூபிலும் (அடுத்த தலைப்பு) குறையில்லை, ஆனாலும் உங்கள் எண் மற்ற லேப்களிலிருந்து ஒரே பக்கமாக விலகுகிறது. இதற்குத்தான் வெளித் தர மதிப்பீடு. ஹீமோஸ்டாசிஸ் (ரத்த உறைவு) சோதனைகளுக்கு வேலூர் சி.எம்.சி. நடத்தும் திட்டத்தில் சேர்ந்தால், அவர்கள் அனுப்பும் சாம்பிளை நீங்கள் ஓட்டி, அதே ரீஏஜென்ட் வைத்திருக்கும் மற்ற லேப்களோடு உங்கள் எண்ணை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதில் ஒருதடவை வெளியே போனால் காரணம் தேடுங்கள். அடுத்தடுத்து வெளியே போனால் அந்த டெஸ்டை நிறுத்திவைத்துவிட்டு ரீஏஜென்ட் கம்பெனியின் அப்ளிகேஷன் ஆளைக் கூப்பிடுங்கள்.

நோயாளிக்குச் சொல்ல வேண்டியது ஒன்றே: ஒரு லேபைப் பிடித்துக்கொண்டு அதிலேயே பாருங்கள். சிம்மக்கல்லில் ஒரு மாசம், கே.கே. நகரில் அடுத்த மாசம் என்று சுற்றினால் டாக்டர் துரத்துவது லேப் வித்தியாசத்தைத்தான்.

## அறிகுறி: கலெக்ஷன் சென்டர் சாம்பிள் மட்டும் ஒத்துவரவில்லை

மேலூர், பேரையூர், டி. கல்லுப்பட்டி, உசிலம்பட்டி என்று சுற்றுப்பட்டியிலிருந்து பஸ்ஸிலும் பைக்கிலும் மதுரைக்கு வரும் சாம்பிள்களுக்கு ஒரு தனி வியாதி உண்டு. நேரில் வந்து கொடுத்தால் 2.5, ஊரில் கொடுத்தால் 3.3 அல்லது 1.9. எந்தப் பக்கம் விலகுகிறது என்பதே பாதி விடை.

### எண் கூடிக் காட்டுகிறது என்றால்

டியூப் நிறையவில்லை. நீல மூடி டியூபில் 3.2 சதவீத சோடியம் சிட்ரேட் இருக்கிறது. 9 பங்கு ரத்தத்துக்கு 1 பங்கு சிட்ரேட்: 2.7 மி.லி. ரத்தத்துக்கு 0.3 மி.லி., சின்ன டியூபில் 1.8க்கு 0.2. டியூபில் போட்டிருக்கும் நிரப்புக் கோட்டில் 90 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் ஓட்டாதீர்கள். ரத்தம் குறைந்தால் சிட்ரேட் மிஞ்சும், அது ரீஏஜென்டிலுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், உறைய நேரமாகும், ஐ.என்.ஆர். கூடும். டெக்னீஷியன் மனசு இளகி "பரவால்ல, ஓட்டிடுவோம்" என்று விடும் சாம்பிள்தான் இரவு பத்து மணிக்கு டாக்டரை எழுப்புகிறது.

ஏன் நிறையவில்லை? காலாவதியான டியூபில் வேக்குவம் போயிருக்கும். பட்டர்ஃப்ளை ஊசியில் எடுத்தால் அந்த ஒல்லிக் குழாயிலுள்ள காற்று முதல் டியூபுக்குள் போய் இடத்தைப் பிடிக்கும். அதனால் ஒரு வெறும் டியூபில் கொஞ்சம் ரத்தம் விட்டுத் தள்ளிவிட்டு, அப்புறம் நீல மூடி. சிரிஞ்சில் எடுத்து மூடியைத் திறந்து ஊற்றுபவர்களுக்கு வேக்குவம் உதவாது, கோட்டைத்தான் நம்ப வேண்டும்.

ஊதா மூடியிலிருந்து ஊற்றியிருக்கிறார்கள். நீலத்தில் ரத்தம் போதவில்லை, பக்கத்திலிருக்கும் ஊதா மூடி டியூபில் நிறைய இருக்கிறது, ஒரு சொட்டு அதிலிருந்து. ஊதா டியூபிலுள்ள ஈ.டி.டி.ஏ. கால்சியத்தை இறுகப் பிடித்துவிடும், எண் ஏறிவிடும். கேட்டால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், கேட்கவும் வேண்டாம். அந்தப் பிளாஸ்மாவில் பொட்டாசியம் பாருங்கள். நம்பவே முடியாத உயரத்தில் இருந்தால் ஈ.டி.டி.ஏ. கலந்திருக்கிறது. டியூப் வரிசையை எழுதி ஒட்டுங்கள்: நீலம் முதலில், சிவப்பு, பச்சை, ஊதா, சாம்பல்.

வெயிலில் நேரம் போய்விட்டது. மூடி திறக்காத நீல டியூபை அறை வெப்பத்தில் வைத்தால் பி.டி.க்கு 24 மணி நேரம் தாங்கும். அறை வெப்பம் என்பது 18 முதல் 24 டிகிரி. சித்திரை வெயிலில் பைக்கின் பின்பெட்டி அறை அல்ல. சூட்டில் ஐந்தாம் காரணி (உறைய உதவும் புரதங்களில் ஒன்று) முதலில் சரியும், பி.டி. நீளும். ஏ.பி.டி.டி.யும் (இன்னோர் உறைவுச் சோதனை) கேட்டிருந்தால் கெடு 4 மணி நேரம்தான். ஹெபரின் (ஊசியில் போகும் உறைவுத் தடுப்பு மருந்து) போகும் நோயாளி என்றால் ஒரு மணி நேரத்துக்குள் பிளாஸ்மாவைப் பிரித்தாக வேண்டும்.

ரத்தம் கெட்டியான நோயாளி. ஹீமடோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம்) 55க்கு மேல் இருந்தால் பிளாஸ்மா குறைவு, சிட்ரேட் மிஞ்சும். பிறவி இதயக் கோளாறால் நீலம் பாரித்த பிள்ளைகளிடம் இதைப் பார்க்கலாம். ஹீமடோகிரிட்டை 100லிருந்து கழித்து, ரத்த அளவால் பெருக்கி, 0.00185ஆல் பெருக்கினால் தேவையான சிட்ரேட் வரும். ஹீமடோகிரிட் 60, ரத்தம் 2.7 மி.லி. என்றால் 0.2 மி.லி. போதும். டியூபிலிருந்து 0.1 மி.லி. எடுத்துவிட்டு, சிரிஞ்சில் அளந்து 2.7 மி.லி. ரத்தம் விடுங்கள், மூடியைத் திறந்த பிறகு வேக்குவம் இருக்காது.

### எண் குறைத்துக் காட்டுகிறது என்றால்

ஐஸ் பெட்டி. நல்லது செய்வதாக நினைத்துச் செய்யும் தப்பு இது. சீரம் சாம்பிளோடு நீல டியூபையும் ஜெல் ஐஸின் நடுவே சொருகி அனுப்புகிறார்கள். பெட்டியைத் திறந்ததும் டியூபைத் தொட்டுப் பாருங்கள்: ஜெல்லை ஒட்டியிருந்த பக்கம் ஈரம் கோத்து, லேபிள் மை கரைந்திருக்கும். 2 முதல் 8 டிகிரியில் முழு ரத்தம் கிடந்தால் ஏழாம் காரணி தானாக முடுக்கப்பட்டு பி.டி. குறையும். 3 இருக்க வேண்டியது 2.4 ஆனால், டாக்டர் மாத்திரையைக் கூட்டுவார். பி.டி. சாம்பிளுக்கு ஐஸ் வேண்டாம். தெர்மாகோல் பெட்டியில், ஐஸ் இல்லாமல், நிழலில், நிமிர்த்தி வைத்து அனுப்புங்கள். சீரமும் சேர்ந்து போகிறது என்றால் அதற்குத் தனிப் பெட்டி.

டியூபுக்குள்ளேயே உறையத் தொடங்கிவிட்டது. நரம்பு கிடைக்காமல் ஊசியைத் துழாவியது, கையைக் கட்டும் டோர்னிகேவை ஒரு நிமிடத்துக்கு மேல் இறுக்கிவைத்தது, சிரிஞ்சில் எடுத்துவிட்டு அடுத்தவர் பெயரை எழுதிக்கொண்டு நின்றது. ரத்தம் விட்டதும் டியூபை 3 அல்லது 4 தடவை மெதுவாகத் தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். குலுக்கக் கூடாது. சோதனை எளிது: இரண்டு மரக்குச்சியை டியூபுக்குள் விட்டுச் சுழற்றி எடுங்கள். குச்சியில் நார்போல எதுவும் ஒட்டினால் சாம்பிள் செத்தது. பெரிய உறைவு என்றால் காரணிகள் தீர்ந்துபோய் எண் கூடவும் செய்யும். ஆக உறைவு கண்ட சாம்பிளில் எந்தப் பக்கத்து எண்ணும் பயன்படாது.

டியூபில் ரத்தம் வழிய நிரம்பியிருக்கிறது. சிட்ரேட் போதாது. திருப்பி அனுப்புங்கள்.

எப்போது வெளியே கேட்பது: ஒரே சென்டரிலிருந்து திரும்பத் திரும்ப விலகல் வந்தால் போனில் திட்டுவதால் ஆகாது. ஒரு நாள் லேபிலிருந்து டெக்னீஷியன் போய், ஒரே நோயாளிக்கு இரண்டு டியூப் எடுக்கட்டும். ஒன்று வழக்கமான வழியில், இன்னொன்று அவர் கையோடு. இரண்டு எண்ணையும் பார்த்தால் வழியில்தானா கோளாறு என்பது தெரிந்துவிடும்.

## அறிகுறி: லேபில் ஒரே நாளில் எல்லோருக்கும் எண் நகர்ந்துவிட்டது

ஒரு நோயாளி விலகினால் சாம்பிள். எல்லோரும் ஒரே பக்கம் நகர்ந்தால் ரீஏஜென்ட், சூடு, பிப்பெட். நார்மல் கன்ட்ரோல் மட்டும் ஓட்டி நிம்மதியாக இருக்காதீர்கள், ஐ.என்.ஆர். பார்க்கும் லேபுக்கு உயர்ந்த மட்டத்துக் கன்ட்ரோலும் வேண்டும். நார்மல் சரியாக வந்து உயர்ந்தது வெளியே போவது சாதாரணமாக நடக்கும்.

பார்க்கும் வரிசை: ரீஏஜென்ட் பாட்டிலில் திறந்த தேதி. பொடியாக வந்ததென்றால் என்ன தண்ணீரில், எத்தனை மி.லி. விட்டுக் கரைத்தார்கள் (கேன் தண்ணீர் டிஸ்டில்டு வாட்டர் அல்ல). திரவமாக வந்ததென்றால் ஃப்ரிட்ஜின் பின்சுவரில் ஒட்டி உறைந்ததா. பயன்படுத்துமுன் மெதுவாகச் சுழற்றிக் கலக்கினார்களா, அடியில் படிந்திருக்குமே. பிறகு சூடு: வாட்டர் பாத்தின் டிஜிட்டல் எண்ணை நம்பாமல் ஒரு நல்ல தெர்மாமீட்டரை உள்ளே விடுங்கள், 37 டிகிரி, அரை டிகிரிக்கு மேல் அசையக் கூடாது. கரண்ட் போய் வந்த பிறகு உடனே ஓட்டினால் 34லேயே ஓட்டியிருப்பீர்கள், எல்லோருக்கும் விநாடி நீண்டிருக்கும்.

கைமுறையில் 0.1 மி.லி. பிளாஸ்மாவை 37 டிகிரியில் சூடாக்கி, முன்பே சூடாக்கிய 0.2 மி.லி. ரீஏஜென்டை விட்டு, விட்ட நொடியில் ஸ்டாப்வாட்ச். இரட்டையாக ஓட்டுங்கள், இரண்டும் 10 சதவீதத்துக்கு மேல் விலகினால் மூன்றாவது.

சென்ட்ரிஃபியூஜ்: 1500 ஜி, 15 நிமிடம். ஜி என்பது சுற்று எண்ணிக்கை அல்ல. சுழலும் கையின் நீளம் 15 செ.மீ. என்றால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 3000 சுற்று, 10 செ.மீ. என்றால் 3660. பிளேட்லெட் மிஞ்சினால் பி.டி.யை விட ஏ.பி.டி.டி.யும் உறைய வைத்து அனுப்பும் சாம்பிளும்தான் அதிகம் கெடும்.

ஒளியால் பார்க்கும் மெஷின் என்றால் பாலாக வெளுத்த பிளாஸ்மாவும் கரும்மஞ்சள் பிளாஸ்மாவும் அதை ஏமாற்றும். அந்த ஒரு சாம்பிளைக் கையால் சாய்த்துப் பாருங்கள், அல்லது உருண்டை அசைவைப் பார்க்கும் மெஷின் உள்ள லேபுக்கு அனுப்புங்கள்.

புதுப் பாட்டில், சரியான சூடு, அளவு சரிபார்த்த பிப்பெட், புதுக் கன்ட்ரோல்: நான்கும் மாற்றியும் வெளியே என்றால் சர்வீஸ் இன்ஜினியர். அவர் வரும் வரை ஐ.என்.ஆர். ரிப்போர்ட் போகக் கூடாது. அன்று காலையிலிருந்து போன ரிப்போர்ட்டுகளையும் எடுத்துப் பார்த்து, தேவைப்பட்டவரைத் திரும்பக் கூப்பிட வேண்டும். சங்கடமான போன்கள்தான், ஆனாலும் செய்ய வேண்டும்.

## அறிகுறி: கைமெஷின் எப்போதும் லேபை விடக் கூடுதலாகக் காட்டுகிறது

4க்குக் கீழேயா, மேலேயா? மேலே என்றால் ஆச்சரியப்படாதீர்கள். எண் உயர உயரக் கைமெஷினின் நம்பகம் குறையும். 2018-இல் கோயாகுசெக் எக்ஸ்.எஸ். என்ற கைமெஷினின் ஸ்ட்ரிப்புகள் சில திரும்பப் பெறப்பட்டதற்குக் காரணமே 4.5க்கு மேல் லேபை விட அதிகமாகக் காட்டியதுதான். கிளினிக்கில் ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: மெஷின் 4.5ஐத் தாண்டினால் கையில் ரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்புவது, லேப் எண்ணை வைத்தே முடிவெடுப்பது.

விரலைப் பிழிந்தார்களா? இதுதான் கைமெஷின் தவறுகளின் ராஜா. கையைச் சோப்புப் போட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி நன்றாகத் துடைக்க வேண்டும். ஸ்பிரிட் ஈரம் இருக்கும்போது குத்தக் கூடாது. கையைத் தொங்கவிட்டு, உள்ளங்கையிலிருந்து விரல் நுனிக்கு மெதுவாகத் தடவி வரவழைத்து, விரல் நுனியின் பக்கவாட்டில் குத்துங்கள். கோயாகுசெக்கில் குத்திய 15 விநாடிக்குள் முதல் சொட்டு ஸ்ட்ரிப்பில் இருக்க வேண்டும். 8 மைக்ரோலிட்டர் போதும். சொட்டு வராமல் காம்பைக் கிள்ளுவதுபோல் அழுத்தினால் திசுநீர் கலந்து எண் தடுமாறும். இரண்டாம் சொட்டைச் சேர்த்து நிரப்பாதீர்கள். சரியாக விழவில்லையென்றால் புது ஸ்ட்ரிப், புது விரல். ஸ்ட்ரிப் விலை உறுத்தும், தெரியும்.

ஸ்ட்ரிப் டப்பா எங்கே இருந்தது? 2 முதல் 30 டிகிரி என்று போட்டிருக்கும். மதுரையில் பங்குனியிலிருந்து ஆடி வரை ஃபேன் மட்டும் ஓடும் அறை அந்த 30க்குள் அடங்காது. ஃப்ரிட்ஜில் வையுங்கள், கதவுத் தட்டில், ஃப்ரீசரில் அல்ல. எடுத்ததும் திறக்காமல் டப்பாவை அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே ஈரம் கோக்கும். ஸ்ட்ரிப் எடுத்த கையோடு மூடி. டப்பாவோடு வந்த கோட் சிப்பும் டப்பா எண்ணும் ஒன்றா என்று பாருங்கள்.

ரத்தசோகையா? கோயாகுசெக் எக்ஸ்.எஸ். ஹீமடோகிரிட் 25 முதல் 55 வரைக்குத்தான். ஹீமோகுளோபின் 8க்குக் கீழே உள்ளவர் அந்த எல்லையின் ஓரத்திலோ வெளியிலோ இருப்பார். நம்மூரில் இப்படிப்பட்டவர் அரிதல்ல. இவர்களுக்கு லேப்தான்.

ஆன்டிபாஸ்போலிபிட் நோயா (உடலே உண்டாக்கும் எதிர்ப்பொருளால் ரத்தம் கட்டுவது)? இளவயதில் ரத்தக்கட்டி, திரும்பத் திரும்பக் கருச்சிதைவு என்று வரலாறு இருந்து, கைமெஷின் 5 என்றும் லேப் 2.8 என்றும் சொன்னால் இதை நினையுங்கள். அந்த எதிர்ப்பொருள் ஸ்ட்ரிப்பிலுள்ள ரீஏஜென்டோடு மோதி எண்ணைப் பொய்யாக உயர்த்தும். சில ரீஏஜென்டில் லேப் எண்ணையும் உயர்த்தும். கைமெஷினை இவர்களிடம் பயன்படுத்தாதீர்கள். லேபுக்கும் சந்தேகம் என்றால் குரோமோஜெனிக் பத்தாம் காரணிச் சோதனை செய்யும் பெரிய மையத்துக்கு அனுப்பச் சொல்லி ரத்தநோய் நிபுணர் எழுதுவார்.

வேறு மாத்திரையா? ரிவராக்சபான், அபிக்சபான், டபிகட்ரான் சாப்பிடுபவருக்கு ஐ.என்.ஆர். என்ற எண்ணே பொருந்தாது. வார்ஃபரினிலிருந்து மாறியவர்கள் பழக்கத்தில் வந்து விரலை நீட்டுவார்கள். மாத்திரை அட்டையைப் பார்த்துவிட்டுக் குத்துங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு விலகல் நிலைத்தால், மாதத்தில் சில நோயாளிகளுக்கு இரண்டையும் ஒரே நேரத்தில் எடுத்து ஒரு நோட்டில் எழுதுங்கள்: கைமெஷின், லேப், ஸ்ட்ரிப் லாட், தேதி. விலகல் புது லாட்டோடு தொடங்கினால் விநியோகஸ்தரைக் கூப்பிட்டு டப்பா மாற்றச் சொல்லலாம். எல்லா லாட்டிலும் இருந்தால் மெஷினை அனுப்ப வேண்டும்.

## அறிகுறி: கைமெஷின் எண்ணே தரவில்லை

தெர்மாமீட்டர் படம் மினுக்கினால் சூடு. கோயாகுசெக் எக்ஸ்.எஸ். 18 முதல் 32 டிகிரிக்குள் வேலை செய்யும். அக்னி நட்சத்திரத்தில் முகாம் பந்தலில் வைத்து ஓட்ட முடியாது, ஏ.சி. அறைக்கோ வண்டிக்குள்ளோ கொண்டுபோய், மெஷின் ஆறிய பிறகு பாருங்கள். ஐஸ் மேல் வைத்து ஆற்றாதீர்கள். தரக்கட்டுப்பாட்டுப் பிழை வந்தால் ஸ்ட்ரிப் கெட்டிருக்கிறது: ஈரம், சூடு, காலாவதி. ரத்தம் போதவில்லை என்றால் மேலே சொன்ன சொட்டுதான். பேட்டரியையும், ஸ்ட்ரிப் நுழையும் வாயில் காய்ந்த ரத்தம் இருக்கிறதா என்றும் பாருங்கள். மூன்று ஸ்ட்ரிப் வீணானால் நிறுத்திக் கையில் ரத்தம் எடுங்கள்.

## அறிகுறி: எல்லாம் சரி, எண் உண்மை, ஆனால் நோயாளி "ஒண்ணும் மாத்தலையே" என்கிறார்

"மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா அப்பா?" என்றால் "போடுறேன்" என்றுதான் பதில் வரும். "அட்டையைக் காட்டுங்க" என்று கேளுங்கள். எத்தனை மிச்சம் என்று எண்ணிப் பார்த்தால் தவறிய வேளை தெரியும். மெடிக்கலில் 2 மி.கி. இல்லையென்று 4 மி.கி. கொடுத்து "பாதி போடுங்க" என்று சொன்னது, அந்தப் பாதி நேராக உடையாதது, இரண்டும் அட்டையில்தான் தெரியும்.

அடுத்து, பத்து நாளுக்குள் வேறு டாக்டரிடம் போனாரா. மெட்ரோனிடசோல், கோட்ரைமாக்சசோல், ஃப்ளுகோனசோல் எண்ணை ஏற்றும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் இறக்கும். தொடர்ந்து பாரசிட்டமால் போட்டால் ஏறலாம். வயிற்றுப்போக்கு, சாப்பிடாமல் கிடந்தது, விரதம்: ஏறும். முருங்கைக்கீரையும் அரைக்கீரையும் திடீரென்று தினமும் என்றால் இறங்கும். கீரையை விட வேண்டியதில்லை, வாரத்துக்கு வாரம் ஒரே அளவாக இருந்தால் போதும். நாட்டு மருந்து, லேகியம், வலி எண்ணெய், கடையில் வாங்கிய மாத்திரை எதுவானாலும் பெயரை எழுதி டாக்டரிடம் கொடுங்கள். இங்கே டெக்னீஷியன் வேலை முடிகிறது.

## அறிகுறி: பாம்புக்கடி நோயாளிக்குக் கைமெஷின் நார்மல், டியூபில் ரத்தம் உறையவில்லை

டியூபை நம்புங்கள். கைமெஷின்களில் பல திராம்பின் (உறைய வைக்கும் நொதி) உண்டாவதை மின்வேதியியலால் அளக்கின்றன; ஃபைப்ரினோஜன் (உறைவின் நாராக மாறும் புரதம்) தீர்ந்துபோயிருப்பது அவற்றுக்குத் தெரியாது. கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் விஷம் தீர்த்துவிடுவது அதைத்தான். இந்த மெஷின்கள் மாத்திரையைக் கண்காணிக்க வந்தவை, விஷமுறிவு மருந்தை முடிவு செய்ய வந்தவை அல்ல.

டியூபில் ரத்தம் உறைகிறதா என்று பார்க்கும் 20 நிமிடச் சோதனைக்குப் புதிய, காய்ந்த, வெறும் கண்ணாடி டியூப் வேண்டும். பிளாஸ்டிக் கூடாது. சோப்புப் பவுடரில் கழுவி மறுபடி பயன்படுத்தியது கூடாது, அதில் நல்ல ரத்தமும் உறையாமல் நிற்கும். 2 மி.லி. ரத்தம் விட்டு, அறை வெப்பத்தில் 20 நிமிடம் தொடாமல் வைத்து, ஒரே ஒரு தடவை சாயுங்கள். இடையில் ஐந்து தடவை எடுத்துப் பார்த்தால் சோதனை கெட்டது. சந்தேகமென்றால் பக்கத்தில் உங்கள் ஊழியர் ஒருவரின் ரத்தத்தை இன்னொரு டியூபில் வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் உறையவில்லையென்றால் கோளாறு கண்ணாடியில். 20 நிமிடத்தில் உறையவில்லையென்றால் பி.டி.க்கு நீல டியூப் எடுத்து அனுப்புவது அப்புறம். டாக்டருக்குச் சொல்வது முதலில். விஷமுறிவு மருந்து இல்லாத இடம் என்றால் 108ஐக் கூப்பிட்டு, மருந்து இருக்கும் மருத்துவமனைக்கு அனுப்புங்கள். டியூப் முடிவையும் பார்த்த மணியையும் சீட்டில் எழுதிக் கூடவே கொடுத்துவிடுங்கள்.